ஒரே டேக்கில் அழுத குழந்தை

வாசகி கேள்வி:

எங்கள் ஊர் திருப்பூர். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவளைப் பார்த்த ஒருவர் மூலமாக ஒரு சினிமாவில் சின்ன வேடம் கிடைத்தது. பன்னிரண்டு நாள்தான் ஷூட்டிங். படம் வந்த பிறகு எல்லோரும் அவள் நடிப்பைத்தான் பேசுகிறார்கள். இப்போது இன்னொரு படத்தில் முக்கிய வேடம் வந்திருக்கிறது. தேனிப் பக்கம் 45 நாள் தொடர்ச்சியாக ஷூட்டிங் என்கிறார்கள். கணவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே குடிபோய்விடலாம் என்கிறார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. முதல் படத்தில் அவள் அழ வேண்டிய காட்சிக்கு முன்னால், "உங்க அம்மாவுக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சு பாப்பா" என்று அசிஸ்டன்ட் டைரக்டர் ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் அப்போது அவளுக்குச் சாப்பாடு எடுக்கப் போயிருந்தேன். ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்களாம். அதிலிருந்து இரவில் எழுந்து நான் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்க்கிறாள். ஆனால் ஷூட்டிங் போகலாமா என்று கேட்டால் "போலாம்மா" என்கிறாள். இவ்வளவு திறமையுள்ள பிள்ளையைத் தடுத்தால் பின்னால் எங்களைக் குறை சொல்வாளா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

குழந்தைகள் மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்த அழுகைக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் மகள் இன்னும் அந்த இடத்தை விட்டு வரவில்லை.

ஒன்பது வயதுக் குழந்தைக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று நன்றாகத் தெரியும். பள்ளி நாடகத்தில் ராணியாக நின்றாலும் தான் ராணி இல்லை என்று தெரிந்துகொண்டேதான் நிற்பாள். அந்த விளையாட்டில்தான் அவளுக்கு சந்தோஷம். அன்றைக்கு ஷூட்டிங்கில் அவளுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பித்தான் அழுதாள். அவள் பயந்து அழுதுகொண்டிருக்கும்போது சுற்றி நின்ற பெரியவர்கள் கைதட்டினார்கள். அதை ஒரு குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளும்? அப்புறம் யாராவது "சும்மா சொன்னேன் பாப்பா" என்று சாக்லேட் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் உயிர் விஷயத்தில்கூடப் பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அதனால்தான் யார் பேச்சையும் நம்பாமல், இரவில் தானே எழுந்து தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்கிறாள். அவளுடைய நிலையில் அது புத்திசாலித்தனமான காரியம். இதற்காக அவளைத் திட்டாதீர்கள். வீட்டில் யாரும் கேலி செய்யவும் விடாதீர்கள்.

இன்று இரவே அவளிடம் பேசுங்கள். "அன்னைக்கு அந்த அண்ணன் சொன்னது பொய். உன்னை அழ வைக்க அப்படிச் சொன்னது தப்பு. நான் அந்த நேரத்துல உன் பக்கத்துல இல்லாததும் தப்பு. இனி உன்னை விட்டு நகர மாட்டேன் கண்ணு." இவ்வளவு போதும். "ஆனாலும் நீ நல்லா நடிச்சே" என்று மட்டும் கடைசியில் சேர்த்துவிடாதீர்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை இல்லாமல் அம்மாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னிடம் வரும் பயந்த குழந்தைகளுக்கு இது நன்றாகவே உதவியிருக்கிறது. இரவில் எழுவது இன்னும் சில வாரங்களுக்கு நீடித்தாலோ, பள்ளிக்குப் போகும்போது உங்களைப் பிரிய மாட்டேன் என்று அழுதாலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தயங்க வேண்டாம்.

இந்தத் தந்திரம் சினிமாவில் மிகப் பழையது. ஹாலிவுட்டில் 'ஸ்கிப்பி' என்ற படம் 1931-ல் வந்தது. அதில் நடித்த சிறுவன் ஜாக்கி கூப்பர். இயக்குநர் நார்மன் டாரோக் அவனுக்கு உறவினர், அவன் அம்மாவின் சகோதரியுடைய கணவர். பையனுக்கு அழுகை வரவில்லை என்றதும், அவன் ஆசையாக வளர்த்த நாயைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டினார். காவலாளி நாயை மறைவுக்குக் கொண்டுபோனார்; துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் சத்தம்தான். பையன் அழுது தீர்த்தான். அந்தப் படத்துக்காக டாரோக்கிற்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஒன்பது வயதிலேயே ஜாக்கி கூப்பரின் பெயர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பட்டியலில் இருந்தது. ஐம்பது வருடம் கழித்து, 1981-ல், அவர் தன் சுயசரிதையை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த தலைப்பு: 'தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்'.

ஆகவே அந்த ஒரே டேக்கை உங்கள் மகளின் திறமைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் குழந்தையிடம் அப்படிச் சொன்னாலும் அழும். அவளுடைய திறமைக்குச் சாட்சி அந்த ஆண்டு விழா நாடகம்தான். அங்கே அவளை யாரும் பயமுறுத்தவில்லை. அவளே யோசித்து, ரசித்துச் செய்தாள். அவளுக்குத் திறமை இருப்பதை நான் சந்தேகிக்கவே இல்லை. பெரிய நடிகர்களே கிளிசரின் போட்டு அழும் தொழில் இது. குழந்தையின் கண்ணில் அதையும் போட மனமில்லை என்றால், தலையைக் குனிந்து நிற்கச் சொல்லி, தோள் குலுங்குவதை மட்டும் எடுத்துக்கூட அந்தக் காட்சியைச் சொல்லிவிடலாம். குழந்தைகளிடம் பொறுமையாக வேலை வாங்கத் தெரிந்த இயக்குநர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

சரி, "போலாம்மா" என்கிறாளே, அதற்கு வருவோம்.

நல்ல நடிப்புத் திறமையுள்ள குழந்தைகளிடம் ஒரு குணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் முகத்தை அவர்கள் அவ்வளவு துல்லியமாகப் படிப்பார்கள். யாருக்கு என்ன பதில் பிடிக்கும் என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிடும். கேமரா முன்னால் அவர்களைச் சிறப்பாக்குவதும் இதே குணம்தான். உங்கள் வீட்டில் அப்பா கண்ணில் ஆசையைப் பார்க்கிறாள், உங்கள் முகத்தில் கவலையைப் பார்க்கிறாள். இரண்டையும் சமாளிக்க அவளிடம் இருக்கும் ஒரே வசனம் "போலாம்மா". அதை அவளுடைய சம்மதமாக நான் எண்ண மாட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றும் எண்ண மாட்டேன். அவளுக்கே இன்னும் தெரியாது.

இந்த நிலையில் உங்கள் கணவர் வேலையை விட்டால் என்ன ஆகும்? நான்காம் வகுப்புப் பிள்ளையின் முகத்தை நம்பி ஒரு வீட்டின் வாடகை, அரிசி, பால் எல்லாம் நிற்கும். அதன் பிறகு அவளால் "வேண்டாம்" என்று சொல்லவே முடியாது. நீங்கள் அவளைக் கட்டாயப்படுத்த மாட்டீர்கள், எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்தவே தேவை இருக்காது. அவளே புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வாள். அவள் "வேண்டாம்" என்று சொன்னால் உங்கள் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடு இது ஒன்றுதான். நான் சொல்லும் மற்ற எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எனவே வேலையை விட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்கக் கட்டிங் டேபிளில் நின்று கால் வலிக்கும் ஒரு தகப்பனுக்கு, தன் பிள்ளையாவது வேறு மாதிரி வாழ மாட்டாளா என்று தோன்றுவது இயற்கை.

நமக்கெல்லாம் தெரிந்த ஸ்ரீதேவியின் சின்ன வயதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 1963-ல் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே 'கந்தன் கருணை'யில் (1967) திரைக்கு வந்தார். 'துணைவன்' (1969) படத்தில் பால முருகனாக வந்து நின்றபோது தியேட்டரில் பெண்கள் கைகூப்பினார்கள் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1971-ல் மலையாளத்தில் 'பூம்பாற்றா' படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று ஓய்வே இல்லாமல் படங்கள். அப்புறம் 1976 அக்டோபரில் 'மூன்று முடிச்சு'. கதாநாயகி. கதைப்படி 25 வயது ரஜினிகாந்துக்குச் சிற்றன்னை ஆகிறார். அப்போது ஸ்ரீதேவிக்கு வயது 13. இன்றைக்கு அது எட்டாம் வகுப்பு.

குழந்தை நட்சத்திரத்துக்கும் கதாநாயகிக்கும் நடுவே அவருக்கு ஒரு வருடம்கூட இடைவெளி கிடைக்கவில்லை. பள்ளி, கல்லூரி வாழ்க்கையை இழந்ததைப் பற்றி அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே மூச்சில் சினிமா தனக்குத் தந்ததையும் சொல்லியிருக்கிறார். அவர் நடித்திருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவருடைய நடிப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம், "உனக்கு இது வேண்டுமா? இரண்டு வருடம் பள்ளிக்குப் போய்விட்டு வருகிறாயா?" என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இடையில் நிறுத்தினால் திறமை வீணாகிவிடும் என்று உங்களைப் பயமுறுத்துவார்கள். அதற்குப் பயப்படாதீர்கள். பேபி ஷாலினி 1983-ல் மலையாளத்தில் அறிமுகமாகி, தென்னிந்தியா முழுக்க வீட்டுக் குழந்தை மாதிரி ஆனவர். பிறகு சில வருடங்கள் திரையில் காணவில்லை. 1997-ல் 'அனியத்திப்பிராவு' படத்தில் கதாநாயகியாகத் திரும்பி வந்தபோது ரசிகர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்துக்குத் தேசிய விருது வாங்கிய கீர்த்தனா நடிகையாகத் தொடரவே இல்லை; அந்தப் படத்தில் அவர் செய்தது அப்படியே நிற்கிறது. இன்னும் பின்னால் போனால் பேபி சரோஜா. 1937-ல் 'பாலயோகினி' வந்த பிறகு அவரை, ஹாலிவுட்டின் புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரத்தின் பெயரால், இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றார்கள். பிறந்த பெண் குழந்தைகளுக்கு சரோஜா என்று பெயர் வைத்தார்கள். அவர் நடித்தது 'தியாகபூமி', 'காமதேனு' இரண்டையும் சேர்த்து மூன்றே படங்கள்தான்.

திரும்பி வர நினைத்த எல்லோராலும் வர முடியவில்லை என்பதும் உண்மை. பதினொன்று முதல் பதினாலு வயது வரை ஒரு வறண்ட காலம் உண்டு. பாப்பா வேடத்துக்கு உயரம் அதிகம், மற்ற வேடத்துக்கு வயது போதாது. தினமும் அடித்த போன் திடீரென்று நின்றுவிடும். பெரியவர்களுக்கு இது தொழில் நிலவரம். குழந்தை என்ன நினைக்கும் தெரியுமா? 'நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், நான் வளர்ந்ததுதான் தப்பு' என்று நினைக்கும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவளுக்கு வகுப்புத் தோழிகளும், ஒரு விளையாட்டும், அவளை நடிகை என்று நினைக்காத ஒரு டீச்சரும் இருந்தால் தாண்டிவிடுவாள். ஊரையும் பள்ளியையும் விட்டுச் சென்னைக்குக் குடிபோனால் இதெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

இனி அந்த 45 நாள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் திருத்தம் வந்தபோது, சினிமாவில் குழந்தைகள் நடிக்க அனுமதி கொடுத்தார்கள், படிப்பு கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2017-ல் வந்த விதிகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு குழந்தையைத் தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான். அதிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் தொடரக் கூடாது. ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். பாடம் விட்டுப்போகாமல் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளை நியமிக்க வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாத எதையும் செய்ய வைக்கக் கூடாது. ஆக, அவர்கள் கேட்கும் 45 நாள் தொடர்ச்சி என்பதே விதிக்குப் புறம்பானது. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "கலெக்டர் அனுமதி வாங்கிட்டீங்களா சார், ஒரு காப்பி கொடுங்க." நல்ல யூனிட் என்றால் எடுத்துக் காட்டுவார்கள், ஷெட்யூலைப் பிரித்துப் போடவும் பேசுவார்கள். "இதையெல்லாம் யாரும்மா கேக்கறாங்க" என்று சிரித்தால் அட்வான்ஸைத் தொடாமல் வந்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், 18 வயதில் அவளிடம் போய்ச் சேரும்படி. இதுவும் அதே விதிகளில் இருக்கிறது. நான் கேட்பது இன்னும் அதிகம்: போக்குவரத்து, உடை மாதிரி அவளுக்கான செலவு போக மிச்சம் முழுவதையும் அவள் பெயரிலேயே போடுங்கள். குழந்தை தன் திறமையால் சம்பாதித்ததை வருமான வரிச் சட்டம்கூடப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பதில்லை, அவளுடைய வருமானமாகத்தான் பார்க்கிறது. ஹாலிவுட்டின் இன்னொரு குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் 1935-ல் 21 வயது நிரம்பியபோது தான் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர் கரைந்துபோனதைப் பார்த்தார். தாயின் மீதும் வளர்ப்புத் தந்தையின் மீதும் வழக்குப் போட வேண்டி வந்தது. 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்காகச் சட்டம் வந்தது அவரால்தான். ஷெர்லி டெம்பிளின் தந்தை வங்கியில் வேலை பார்த்தவர். மகள் சம்பாதித்ததோ முப்பது லட்சம் டாலருக்கு மேல். 22 வயதில் அவர் கணக்குப் பார்த்தபோது மிஞ்சியிருந்தது 44,000 டாலர். மகளை உயிராக வளர்த்த வீடு அது. குடும்பச் செலவும் பிள்ளையின் சம்பாத்தியமும் ஒரே பானையில் விழுந்தால் அன்பான வீட்டிலும் இப்படித்தான் ஆகும்.

நடிக்க அனுப்புவதாக முடிவு செய்தால், ஷூட்டிங்கில் அவள் உங்கள் கண் பார்வையை விட்டு ஒரு நிமிடம்கூட மறையக் கூடாது. சாப்பாடு எடுத்துவர புரொடக்‌ஷன் பையன்கள் இருக்கிறார்கள். வெளியூர் லாட்ஜில் உங்களோடு ஒரே அறையில்தான் அவள் தங்க வேண்டும். காட்சியை அவளுக்கு விளக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்; முன்பு நடந்ததை இயக்குநரிடம் முதல் நாளே சொல்லி, இனி அப்படி நடந்தால் குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். யாராவது அவளிடம் தவறாக நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், நடு ஷூட்டிங்காக இருந்தாலும் சரி. அவளுக்கும் ஒரு சைகை சொல்லிக்கொடுங்கள். காதைத் தொட்டால் "எனக்கு இப்போது முடியவில்லை" என்று அர்த்தம். அவள் காதைத் தொட்டால் நீங்கள் எழுந்து போய் நிறுத்த வேண்டும். முதல் தடவை நீங்கள் தயங்கினால் இரண்டாம் தடவை அவள் தொட மாட்டாள்.

பின்னால் குறை சொல்வாளா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லலாம். "அன்னைக்கு விட்டிருந்தா நான் பெரிய ஆளாகியிருப்பேன்" என்று பதினேழு வயதில் கோபத்தில் கதவைச் சாத்தலாம். அந்தக் கோபத்தை ஒரு தாயால் தாங்க முடியும், அவளுக்கும் நடிக்க வயது மிச்சம் இருக்கும். "நான் பயந்தது உங்களுக்குத் தெரிஞ்சும் ஏம்மா அனுப்பினீங்க" என்று முப்பது வயதுப் பெண்கள் என் அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், அம்மா எதிரில் இல்லாதபோது. அதற்கு நான் அவர்களுக்குச் சொல்லும் பதில் எதுவும் போதுமானதாக இருந்ததில்லை.

என் யோசனையைக் கேட்டால், இந்த ஷெட்யூலுக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவுத் தூக்கம் சரியாகட்டும். அவர்களால் காத்திருக்க முடியுமானால், கோடை விடுமுறையில் இரண்டு துண்டாகப் பிரித்து, அனுமதி வாங்கி எடுக்கட்டும். காத்திருக்க மாட்டோம் என்றால் போகட்டும். இதற்கிடையில் பள்ளி நாடகத்தை விட்டுவிடாதீர்கள். அவள் திறமை வளரும் இடம் அதுதான்.

அவளிடம் "போகலாமா?" என்று இனிமேல் கேட்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளில் எந்த நாள் ரொம்பப் பிடித்தது, எது போர் அடித்தது, வேறு பாப்பா அந்த வேடத்தில் நடித்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று தனித்தனியாக, வெவ்வேறு நாளில், காய் நறுக்கும்போதோ தலை வாரும்போதோ கேளுங்கள். ஒரு தடவை அவளுடைய சித்தியோ, இந்த விஷயத்தில் எந்த ஆசையும் இல்லாத வேறு யாரோ கேட்கட்டும், நீங்கள் இருவரும் அந்த அறையில் இல்லாதபோது. பத்து நாள் கழித்து அவள் என்னென்ன சொன்னாள் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள், அவள் சொன்ன வார்த்தையிலேயே.